முன்னால் போய்ச் சேர்ந்தவர்கள்

சங்குமேட்டு ஜனங்கள் கடற்கரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே மேலக்கரட்டில் போய்க் குடியேறிவிட்டார்கள் என்ற செய்தியை ஐஸ் வண்டி ஓட்டும் மதலைமுத்துதான் முதலில் கொண்டுவந்தான். அதையும் அவன் ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. ஏலம் முடிந்து, ஈரக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அஞ்சலாட்சியிடம், நெத்திலி என்ன விலைக்குப் போச்சு என்று விசாரிக்கிற குரலில் சொன்னான்.

"யக்கா, விடியக்காலம் உன்னை மேலக்கரட்டுல பாத்தேன். புதுசா கட்டிப் பூட்டி வச்சிருக்காங்கள்ல ஒரு காலனி, அங்க வாசத் தெளிச்சிக்கிட்டு இருந்த. கூப்புட்டேன். திரும்பிப் பாத்துட்டு உள்ள போயிட்ட."

"நான் இங்கதானடா இருக்கேன்."

"அதைத்தான் நானும் வழியெல்லாம் யோசிச்சிக்கிட்டு வர்றேன்" என்றான் மதலைமுத்து. "உங்க தெருவே அங்க இருக்குக்கா. எல்லார் வீட்லயும் அடுப்பு எரியுது."

கடல் சங்குமேட்டைத் தின்ன ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. முதலில் வலை உலர்த்தும் மணலைத் தின்றது, பிறகு தென்னைகளை வரிசையாகத் தின்றது, பிறகு ஏலக்கூடத்தின் படிகளைத் தின்றுவிட்டு, அதற்கப்புறம் பசி தீராத விருந்தாளி மாதிரி ஒவ்வொரு அமாவாசைக்கும் கிழக்குத் தெரு வீடுகளின் பின்கட்டு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. போன வருஷம் சென்னையிலிருந்து நிரஞ்சனா என்ற பெண் நாலைந்து பேரோடு டேப்லெட்டுகளை ஏந்திக்கொண்டு வந்து, வீட்டுக்கு வீடு உட்கார்ந்து, எத்தனை பேர், என்ன தொழில், சொந்தக்காரர்கள் எங்கே, தண்ணீர் எதுவரை வந்தால் கிளம்புவீர்கள் என்றெல்லாம் கேட்டாள். ரேஷன் கடை வாசலில் கூடியவர்களிடம் அவள் விளக்கிச் சொன்னது எல்லாருக்கும் புரிந்தது. கம்ப்யூட்டருக்குள் இந்த ஊரைப் போலவே ஒரு ஊரை உண்டாக்கி, இந்த ஜனங்களைப் போலவே ஜனங்களை அதில் நடமாட விட்டு, கடலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்ப்பார்கள். யார் எப்போது மூட்டை கட்டுகிறார்கள், எந்தத் திசைக்குப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டால், போகிற இடத்தில் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் குடிதண்ணீரையும் அரசாங்கம் முன்கூட்டியே செய்து வைக்கலாம். நல்ல யோசனைதான் என்றார் ஊர்த் தலைவரான நாட்டார் கலியபெருமாள். அப்படித்தான், கடலே கண்ணில் படாத பருத்திக்காட்டு நடுவில், மேலக்கரட்டில் வீடுகள் எழும்பின.

கடல் பின்கட்டுக்கு வந்து போகிற ஊரில், தாங்கள் இன்னொரு இடத்திலும் இருக்கிறோம் என்பதை நம்புவது ஜனங்களுக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. தொழிலுக்குப் போகாத நாட்களில் பஸ் பிடித்துப் போய்த் தங்களைத் தாங்களே பார்த்துவிட்டு வந்தார்கள். அங்கே இருக்கிற சிங்காரம் குடிப்பதில்லை என்று இங்கே இருக்கிற சிங்காரத்தின் பெண்டாட்டி அழுது தீர்த்தாள். பங்குச் சண்டையில் பேச்சை விட்டிருந்த அண்ணனும் தம்பியும், அங்கே ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு குழம்பு மாற்றிக்கொள்வதைக் கண்டு வெட்கப்பட்டு, திரும்பி வரும் பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். மேலக்கரட்டுக்காரர்களும் வந்தவர்களைப் பருத்தி எடுக்கக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நல்ல ஜனங்கள், ஆனால் கூலி பேசத் தெரியவில்லை, தும்மல்கூட வருவதில்லை, மீனைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பதுதான் அவர்களுடைய குறை. அங்கே இருப்பவர்களுக்கு வண்டி ஏறியதற்கு முந்தைய எதுவும் ஞாபகமில்லை. கேட்டால், "வண்டியில வந்தோம்" என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் பருத்திக்குப் போக நேரமாகிறது என்பார்கள்.

அஞ்சலாட்சி கொஞ்ச நாள் போகாமல் இருந்தாள். என்னவோ, தன் முகத்தைக் கண்ணாடியில்லாமல் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. பிறகு ஒருநாள், கணவன் தனசீலன் ஃபைபர் போட்டில் போயிருந்தபோது, மகள் பூவிழியையும் மகன் செழியனையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினாள்.

அந்த வீட்டு வாசலில் அவளே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அதே கை, முறம் தட்டுகையில் அதே மாதிரி இடப்பக்கம் சாயும் கழுத்து. உள்ளே ஒரு தனசீலன் படுத்திருந்தான், வெயிலில் ஒரு செழியன் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான். அஞ்சலாட்சி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள், கொடியில் காயும் துணிகளைப் பார்த்தாள், பின்பக்கம் போய்ப் பார்த்தாள். ஒரு பாவாடை இல்லை, ஒரு ரிப்பன் இல்லை.

"பூவிழி எங்க?"

"யாரு?"

"நம்ம மவ."

முறம் நின்றது. "எங்களுக்கு ஒரு பையன்தான். நாங்க மூணு பேருதான் வண்டியில வந்தோம்."

"வண்டி ஏறும்போது பக்கத்துல யாரும் நிக்கலியா? ஒசரமா, ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு, பல்லு லேசா எடுப்பா இருக்கும். எட்டாவது படிக்கிறா."

அந்தப் பெண் வெகுநேரம் அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் எப்போது பயம் வரும், எந்தப் பக்கத்து உதடு முதலில் நடுங்கும் என்பது அஞ்சலாட்சிக்குத் தெரியும். அதே பக்கத்து உதடுதான் நடுங்கியது.

"இதை எங்கிட்ட சொல்லியிருக்க வேணாம்" என்றாள் அந்தப் பெண். "இனிமே நான் எப்படி இந்த வீட்ல இருப்பேன்?"

திரும்பி வந்து மற்றப் பெண்களிடம் விசாரித்தபோதுதான், ஒவ்வொருத்தியும் இதைத் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து சொல்ல பயந்துபோய் மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள் என்பது தெரிந்தது. மேலக்கரட்டில் கைக்குழந்தைகள் இருந்தன, மூக்கொழுகும் சிறு பெண்கள் இருந்தார்கள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள் இருந்தார்கள். வயதுக்கு வந்து, கல்யாணமாகாமல், சங்குமேட்டில் சைக்கிள் ஓட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டும் இருந்த பெண்களில் ஒருத்திகூட அங்கே இல்லை.

கடல் அவர்களைக் கேட்கிறது என்று ஊர் முடிவு கட்டியது. அது யார் முதலில் சொன்ன வார்த்தை என்று தெரியாது. ஆனால் விளக்கு வைப்பதற்குள் எல்லா வீட்டிலும் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்திருந்தது. பெண்களைக் கரைப்பக்கம் போகாமல் மறித்தார்கள், வாய்க்கால் பாலத்தைத் தாண்ட வேண்டும் என்பதால் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள், அம்மன் கோவிலில் மந்திரித்த கயிற்றைக் கையிலும் காலிலும் கட்டினார்கள். குளிக்கிற தண்ணீரைக்கூடத் தாய்மார்கள் சொம்பில் மொண்டு தாங்களே ஊற்றினார்கள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நாள் ஆக ஆக, ஊர் அந்தப் பெண்களிடம் ரொம்பப் பிரியமாக நடந்துகொள்ள ஆரம்பித்தது. எதிரே வருகிற கிழவிகள் அவர்கள் கன்னத்தைத் தடவிவிட்டு மூக்கைச் சிந்தினார்கள், கடைக்காரர் மிட்டாயைச் சும்மா கொடுத்தார், யாரும் அவர்களைத் திட்டுவதை விட்டார்கள். இழவு வீட்டில் படத்துக்குக் காட்டுகிற மரியாதையை உயிரோடிருக்கிற பிள்ளைக்குக் காட்டினால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும். பூவிழி சாப்பிடுவதைக் குறைத்தாள். ஒருநாள் அம்மா தலை பின்னும்போது, திரும்பாமலே கேட்டாள்.

"அம்மா, நான் அங்க இல்லியாமே. அது வலிக்குமா?"

அஞ்சலாட்சி சடையைப் பின்னி முடித்து ரிப்பன் கட்டினாள். மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினாள். மகளை விட்டுவிட்டுப் போக அவளால் முடியவில்லை. வழியெல்லாம் அந்தக் கையை விடவும் முடியவில்லை.

நிரஞ்சனாவின் அலுவலகம் ஒரு கட்டடத்தின் மாடியில், ஏசி குளிரில் இருந்தது. மேலக்கரட்டு விஷயம் அவளுக்கும் தெரிந்திருந்தது. தன்னுடைய திரையில் இருக்க வேண்டிய ஜனங்கள் பருத்திக்காட்டில் நடமாடுவதைப் பற்றி மேலிடத்துக்கு எழுதியதாகவும், வீடுகள் காலியாகக் கிடக்காமல் இருப்பது நல்லதுதானே என்று பதில் வந்ததாகவும் சொன்னாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பூவிழியைப் பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள்.

"எம்மவ எங்கம்மா?" என்றாள் அஞ்சலாட்சி. "கடல் எந்த எடத்துல இழுக்குதுன்னு மட்டும் சொல்லிடுங்க. நான் அந்த எடத்துக்குப் போவாம பாத்துக்குறேன்."

நிரஞ்சனா திரையில் தேடினாள். திரையில் சிறு சிறு புள்ளிகள் தெருக்களில் ஊர்ந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றைத் தொட்டாள், பின்னால் ஓட்டினாள், இன்னும் பின்னால் ஓட்டினாள். பிறகு திரையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா."

"கடல் இழுக்கலைங்க. உங்க பொண்ணு உயிரோடதான் இருக்கா." அவள் குரல் தாழ்ந்தது. "முன்னால புயல்ல ஊரை விட்டுப் போன குடும்பங்களை எல்லாம் கேட்டோம், கிளம்புறதுக்கு முன்னாடி என்னென்ன செஞ்சீங்கன்னு. போட்டை வித்தோம், நகையை அடகு வச்சோம்னாங்க. வயசுக்கு வந்த பொண்ணை சொந்தத்துல ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துட்டுப் போனோம்னு ரொம்பப் பேர் சொன்னாங்க. முகம் தெரியாத ஊருக்கு எப்படி வயசுப்பொண்ணைக் கூட்டிட்டுப் போறதுன்னு. நாங்க அதை ஒரு விதியா எழுதிட்டோம். பொண்ணைக் குடுத்த குடும்பம்தான் வண்டி ஏறும்."

"யாருக்குக் குடுத்தோம்?"

"அது எங்க கணக்குல இல்லீங்க. காரைக்கால் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருக்கா. அதோட அவளை நாங்க பாக்கறதில்லை."

காரைக்கால் பக்கம் என்றதும் அஞ்சலாட்சி மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். அங்கேதான் தனசீலனின் அக்கா இருந்தாள். அக்காவுக்கு ஒரு மகன், சொந்தமாக போட் வைத்திருக்கிறவன், பூவிழியைப்போல இரண்டு மடங்கு வயதுக்காரன். அவளுக்குப் பத்து வயதானதிலிருந்தே அவளை முறைப்பெண் என்று சொல்லி எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டிருக்கிறவன்.

ஊருக்கு வந்ததும் நாட்டார் வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. அவள் கேட்டு வந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் பெண்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், ஆண்கள் கம்ப்யூட்டரைத் திட்டுவார்கள் என்று நினைத்திருந்தாள். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. காற்றடித்து ஓய்ந்த மாதிரி எல்லாருடைய தோளும் ஒன்றாக இறங்கியது.

"அவ்வளவுதானா?" என்றார் கலியபெருமாள். "நான் என்னமோ ஏதோன்னு இருந்தேன். அம்மன் காப்பாத்துச்சு. நல்ல சேதி கொண்டாந்த ஆயி."

சிலர் கும்பிட்டார்கள். யாரோ சர்க்கரை வாங்கிவரச் சொன்னார்கள். அந்த நிமிஷத்தில்தான் அஞ்சலாட்சிக்கு உண்மையான பயம் வந்தது. கடலுக்குப் பயந்தபோது கடல் பக்கம் முதுகைக் காட்டி வீட்டைப் பார்த்து ஓடலாம் என்றிருந்தது. இப்போது எந்தப் பக்கம் ஓடுவது.

அதன் பிறகு எல்லாம் யாரும் கட்டளையிடாமலே நடந்தது. மேலக்கரட்டில் தாங்கள் எப்படி இருக்கிறோமோ அப்படி ஆகிவிட்டால் வண்டி நிச்சயம், வீடு நிச்சயம், உயிர் நிச்சயம் என்று ஜனங்கள் நினைத்தார்கள். சிங்காரம் குடியை நிறுத்தினான். அண்ணனும் தம்பியும் குழம்பு மாற்றிக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு தட்டு மாற்றுவதற்கு ஆள் வந்து போனது. கைக்கயிற்றை அவிழ்த்துவிட்டு அந்தப் பெண்களுக்கு வளையல் போட்டார்கள். பள்ளிக்கூடத்தை மட்டும் திரும்பத் திறக்கவில்லை.

"அக்கா ரொம்ப நாளா கேட்டுக்கிட்டுதான் இருக்கு" என்றான் தனசீலன், சோற்றைப் பிசைந்தபடி, தலையை நிமிர்த்தாமல்.

"அவளுக்குப் பதிமூணு வயசு."

"நான் மட்டும் ஆசைப்பட்டா சொல்றேன்? அங்க போய்ப் பாத்தேன் அஞ்சல. நான் அங்க படுத்திருக்கேன். அந்த மொகத்துல ஒரு கவலை இல்ல. அதைப் பாத்துட்டு வந்து இங்க தண்ணிக்குப் பயந்துகிட்டு உக்காந்திருக்க என்னால ஆவல."

"அந்த மொகத்துல எதுவுமே இல்ல. கவலை மட்டும் எப்படி இருக்கும்?"

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கை கழுவிவிட்டு வெளியே போய், போனில் அக்காவோடு மெதுவாகப் பேசினான். நல்ல மனிதன்தான் அவன். மகள் பிறந்தபோது ஊருக்கே மிட்டாய் கொடுத்தவன். நல்ல மனிதன் இவ்வளவு அமைதியாக இதைச் செய்ய முடிகிறதே என்பதுதான் அவளை நடுங்க வைத்தது. பாதி ராத்திரியில் தண்ணீர் வந்தால்கூடச் சத்தம் கேட்கும்.

மறுநாள் காலை அவள் நிரஞ்சனாவுக்குப் போன் போட்டாள்.

"நீங்க வந்தப்ப எங்கிட்ட எல்லாம் கேட்டீங்க. இதைக் கேக்கல. இப்ப கேளுங்க."

"எதைங்க?"

"ஊரை விட்டுப் போறப்ப பொண்ணைக் குடுத்துட்டுப் போவியான்னு கேளுங்க."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நிரஞ்சனா, வீட்டுக்கு வீடு உட்கார்ந்து கேட்ட அதே மரியாதைக் குரலில், அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"குடுக்க மாட்டேன்" என்றாள் அஞ்சலாட்சி. "எழுதிக்குங்க."

"எழுதினா என்ன ஆகும்னு எனக்கே தெரியாதுங்க. அந்த விதிப்படி பொண்ணு இருந்தா நீங்க வண்டி ஏற மாட்டீங்க. கடல் வரும்போது வீட்லயே இருப்பீங்க."

"அப்புறம்?"

"அதுக்கு மேல நாங்க பாக்கறதில்லை. போறவங்களை மட்டும்தான் பாக்கறோம்."

"எழுதிக்குங்க" என்று மறுபடியும் சொன்னாள்.

அடுத்த நாளே மதலைமுத்து வந்து சொன்னான். மேலக்கரட்டில் அவள் வீடு பூட்டிக் கிடக்கிறது, வாசலில் முறமும் பாதி புடைத்த அரிசியும் அப்படியே இருக்கின்றன, கோழிகள் தின்றுகொண்டிருக்கின்றன. அஞ்சலாட்சிக்கு அந்தப் பெண்ணின் நடுங்கிய உதடு கண்ணில் வந்து நின்றது. தன்னையே கொன்றுவிட்ட மாதிரி இருந்தது. தனசீலன் ஏலக்கூடத்தில் எல்லார் முன்னாலும் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னையும் பையனையும் சேத்து அழிச்சிட்டியேடி" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

ஊர் அவர்களை விட்டு விலகியது. தண்ணீருக்குப் போகப்போகிற குடும்பம் என்று, அவள் கூடையைத் தொடுவதற்கே பயந்தார்கள். தனசீலன் வீட்டில் பேசுவதை நிறுத்தினான். காரைக்காலிலிருந்து போன் வந்தால் எடுத்துக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்பான். அவன் என்ன பதில் சொல்கிறான் என்று தெரியாததால், அஞ்சலாட்சி மகளுக்கும் வாசலுக்கும் நடுவில்தான் எப்போதும் வேலை செய்தாள்.

கலியபெருமாளின் மருமகள் சௌந்தரவல்லி ஒருநாள் யார் கண்ணிலும் படாமல் கூடையோடு வந்தாள். அவளுடைய மூத்த பெண்ணுக்குப் பரிசம் போட்டிருந்தது.

"அந்த நம்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். யாரும் வீட்டு ஆம்பளைகளிடம் சொல்லவில்லை, ஒருத்தி மற்றவளிடம்கூடச் சொல்லவில்லை. துணி துவைக்கிற இடத்திலிருந்தும் ஐஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்தும் பேசினார்கள். மேலக்கரட்டில் அடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. பருத்தி செடியிலேயே வெடித்து நின்றது. கடைசியில் ஒரு நாள் நிரஞ்சனாவே அஞ்சலாட்சியைக் கூப்பிட்டாள். அவள் அழுதுகொண்டிருப்பது குரலில் தெரிந்தது.

"கடலை ஏத்தி ஏத்திப் பாக்குறேங்க. உங்க ஊர்ல யாரும் கிளம்ப மாட்டேங்கறாங்க. எல்லாரும் பொண்ணுங்களோட வீட்ல உக்காந்திருக்காங்க. தண்ணி வருது, அப்பவும் உக்காந்திருக்காங்க. அந்த விதியை எடுத்துடறேன்னு கேட்டுப் பாத்தேன், இனிமே மாத்த முடியாது, அறிக்கை போயிடுச்சுன்னுட்டாங்க. நிஜத்துல நீங்க அப்படி உக்காந்துடாதீங்க. தயவுசெஞ்சு உக்காந்துடாதீங்க."

ஐப்பசியில் கடல் வந்தது. அலையாக வரவில்லை. ஒரு பகலில், காற்றேயில்லாமல், கொல்லைப்பக்கமாக ஏறி, அடுப்பை அணைத்து, நடுவீட்டில் நின்று, திரும்பிப் போக மறந்துவிட்டது. ஜனங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்கேயும் தங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவர்கள் யாரும் இல்லை. வண்டி ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல ஆளில்லை. விதிப்படி தாங்கள் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள் என்று நினைத்துச் சிலர் நிஜமாகவே கட்டிலின்மேல் கால் மடக்கி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை அவர்களுடைய பெண்பிள்ளைகள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

மேட்டு ரோட்டில் லாரிகள் நின்றன. அஞ்சலாட்சி முதலில் மகளை ஏற்றினாள், பிறகு மகனை, பிறகு தான் ஏறி மகளுக்கும் தனசீலனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். அவன் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே வந்தது. காரைக்கால் ரோடு பிரியும் முனையில் லாரி வேகம் குறைந்தபோது அவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அங்கே சாலையோரம் ஒரு கார் நின்றிருந்தது. அதில் சாய்ந்துகொண்டு அக்காவின் மகன் நின்றிருந்தான். தனசீலன் அவனைப் பார்த்தான். அவனும் பார்த்தான். யாரும் கையசைக்கவில்லை. லாரி திரும்பாமல் நேராகப் போனது. அப்படியும் அவளுக்குப் பயம் போகவில்லை. இறங்குகிற இடத்தில் என்ன செய்வானோ, நாளைக்கு என்ன செய்வானோ.

மேலக்கரட்டுக் காலனியில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரி வீரம்மாள், அந்த ஊர்ப் பருத்திக்காட்டுக்காரி, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அஞ்சலாட்சியைக் கண்டதும் வெகுநாள் பழகியவள்போலத் தோளைத் தொட்டாள்.

"சொல்லாமக் கொள்ளாம எங்கடி போன? அரிசிய எல்லாம் கோழி தின்னுடுச்சு" என்றாள். பிறகு அவள் பின்னால் ஒண்டி நின்ற பூவிழியைப் பார்த்தாள். தனசீலனைப் பார்த்தாள். "ஏன் சாமி, ஒங்களுக்கு ஒரே பையன்தானே. இந்தப் புள்ள யாரு?"

அஞ்சலாட்சி வாயைத் திறந்தாள். அதற்குள், லாரியிலிருந்து பானை சட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த தனசீலன், கையிலிருந்ததைக் கீழே வைத்தான். எத்தனையோ நாளாகப் பேசாத தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எம்மவ" என்றான். "பூவிழி. எட்டாவது படிக்கிறா. இங்க பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்?"